சுவரில் வேகும் ரொட்டி

சித்தியவானில் கம்போங் கோ பக்கம் பசியாறப் போகிறவர்கள், கோங் பியாங் ரொட்டி சுடும் கடை வாசலில் ஐந்து நிமிடமாவது சும்மா நின்று பார்க்க வேண்டும். அப்பா சுடுவார், அம்மா மாவு உருட்டுவார், பிள்ளை காசு வாங்கிப் போடும். அவ்வளவுதான் கடை. நம்மவர்கள் பார்த்தால் தந்தூரி அடுப்பு என்றுதான் சொல்வோம். மேலே வாய் திறந்த மண் அடுப்பு, உள்ளே நெருப்பு. நனைத்த மாவு வில்லையை உள்ளங்கையில் ஏந்தி, கையை அடுப்புக்குள் விட்டு, செங்குத்தான சுவரில் பட்டென்று அறைகிறார். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

ஏன் விழவில்லை? சினிமா சுவரொட்டி ஒட்டுகிறவரைக் கேட்டால் சொல்வார். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. மாவுச்சத்து ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் தண்ணீரைக் குடித்து ஊதிக் கொழகொழப்பாகிறது. சூடான சுவரில் பட்டதும் வில்லையின் ஈர அடிப்பக்கத்தில் நடப்பதும் அதுதான். தனக்கு வேண்டிய பசையை ரொட்டி தானே காய்ச்சிக்கொள்கிறது. எடையோ சொற்பம், ஒட்டும் பரப்போ அகலம். சுவரில் சூடு போதாவிட்டால் பசை பிடிக்காது, ரொட்டி நெருப்பில் விழும்.

அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் வேறு வேறு சூடு. முதுகைச் சுவர் தொட்டுச் சுடுகிறது, தோசைக்கல் போல. முகத்தை எதுவும் தொடுவதில்லை. தணலும் எதிர்ச் சுவரும் வீசும் கதிர்வீச்சு சுடுகிறது. வெப்பநிலையைத் தனிச்சுழியிலிருந்து கணக்கிட்டு அதை இரு மடங்காக்கினால், வீசும் வெப்பம் பதினாறு மடங்காகும். கனிந்த தணல் முன் முகம் காட்ட முடியாமல் நாம் திரும்பிக்கொள்வது இதனால்தான். எள் தூவிய முகத்துக்கு அந்த வழி கிடையாது.

ஈரம் இருக்கும்வரை ரொட்டியின் எந்த இடமும் 100 டிகிரியை அதிகம் தாண்டாது; வருகிற சூட்டையெல்லாம் தண்ணீர் ஆவியாகத் தின்றுவிடும். ஆவியானால் தண்ணீர் சுமார் 1,700 மடங்கு விரியும், ரொட்டி உப்பும். மேற்பரப்பு வறண்ட பிறகே சூடு 140-ஐத் தாண்டி ஏறுகிறது. அப்போதுதான் புரதமும் சர்க்கரையும் கைகோத்துப் பழுப்பு நிறத்தையும் தெருமுனைவரை வரும் வாசனையையும் தருகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையாரின் பெயரையே இந்த வினைக்கு வைத்திருக்கிறார்கள். அடிப்பக்கப் பசையும் காய்ந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். கரண்டியால் ஒரு நெம்பு, கையோடு வந்துவிடும்.

குறுக்கே பிளந்து, இறைச்சி வைத்தால் அதுதான் இந்த ஊர் சாண்ட்விச். வெங்காயம் உள்ளே வைத்துச் சுட்டதும் உண்டு. சைவக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது, வெங்காயத்தோடு பன்றிக்கொழுப்பும் சேர்வது வழக்கம். நான் வெறும் பியாங் கட்சி.

இந்த ரொட்டி சூடாகத் தின்னப் பிறந்ததே அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஃபுஜியான் கரையில் கடற்கொள்ளையரை விரட்டிய மிங் தளபதி ச்சீ ஜிகுவாங்கின் படைவீரர்கள், நடுவில் துளையிட்ட ரொட்டிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு நடந்தார்கள் என்பது அந்தக் கரையின் பூச்சோ மக்கள் மரபாகச் சொல்லும் கதை. அவர் பெயரின் ‘குவாங்’தான் ‘கோங்’ ஆயிற்றாம். 1903-இல் மெதடிஸ்ட் பாதிரியார் லூரிங்கும் பாதிரியார் லிங்கும் அழைத்துவந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சோ கிறிஸ்தவர்கள் சித்தியவானில் காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு பால்மரம் நட்டார்கள். ரொட்டியும் அவர்களோடு ஊரானது. இப்போது துளை இல்லாமலும் சுடுகிறார்கள்.

படைவீரனுக்கு வேண்டியது ஈரம் குறைந்த ரொட்டி, பூஞ்சைக்கு அதில் வாழ்வில்லை. ஆனால் நாள்பட்ட ரொட்டியின் பல்லை உடைக்கும் கடினம் வெறும் காய்தலால் வருவதல்ல. 1852-இலேயே பிரெஞ்சு அறிஞர் பூசாங்கோ, ஈரம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டாலும் ரொட்டி இறுகுகிறது என்று காட்டினார். சூட்டில் குலைந்த மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆறியதும் மறுபடி வரிசை கட்டிப் படிகமாகின்றன. தண்ணீர் அங்கேயே இருந்தும் மென்மை போய்விடும். குளிர்பெட்டியில் வைத்தால் இது வெளியே இருப்பதைவிட வேகமாக நடக்கும். ரொட்டியைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக் கெடுக்கிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. 60 டிகிரிக்கு மேல் திரும்பச் சூடு காட்டினால் படிகம் குலைந்து ரொட்டி கொஞ்ச நேரம் இளகும். தண்ணீர் தெளித்துத் தோசைக்கல்லில் மூடிபோட்டுப் பாருங்கள்.

ஈப்போவுக்கு எடுத்துப்போக பத்து வாங்கினேன். காகிதப் பையில் போட்டு நீட்டினார் கடைக்கார ஆண்ட்டி. நான் அதை நெகிழிப் பையில் வைத்துக் கட்டப்போனதைப் பார்த்ததும் கையை ஆட்டி, “ஜாங்ஙான் ஈக்காட், நந்தி லெம்பேக்” என்றார். கட்டாதே, பதத்துப்போகும். உள்ளே அடைபட்ட ஆவி மொறுமொறுப்பான தோலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதை நான் இத்தனை வரிகளில் சொல்கிறேன், அவருக்கு நான்கு சொல் போதுமாயிருந்தது. பையைத் திறந்தே மடியில் வைத்துக்கொண்டேன். ஆயர் தாவார் வருவதற்குள் ஆறுதான் மிச்சம்.