சப்பாத்திக்குள் சுருண்ட சாசேஜ்!

குழந்தைகளே, பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து என் பேரன் மூங்கில்துறைப்பட்டுக்கு வந்திருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். துணிப்பையோடு ஒரு ஐஸ் பெட்டியும் வந்து இறங்கியது.

"இதில் என்னடா கண்ணா?"

"ஹாட் டாக், தாத்தா! நாளைக்கு எல்லாருக்கும் ராப் செய்து தரேன்."

அடுப்படியிலிருந்து அவன் ஆயா ஓடி வந்தாள். "நாய்க்கறியா? என் சட்டியில் வேண்டாம்பா!"

வீடே சிரித்தது. உங்களில் சிலருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கலாம். அது நாய்க்கறி இல்லை. கோழி, பன்றி அல்லது மாட்டிறைச்சியைக் கூழாக அரைத்து, உப்பும் மசாலாவும் சேர்த்து, விரல் போல உருட்டி வேக வைப்பதுதான் சாசேஜ். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரப் பெயரால் இதற்கு பிராங்க்பர்ட்டர் என்றும் ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவில் நீள ரொட்டிக்குள் புகுந்து ஹாட் டாக் ஆனது. ரொட்டிக்குப் பதில் சப்பாத்தி மாதிரி ஒன்றில் சுருட்டினால் ராப்!

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைப் படித்தேன். வாத்தியார் புத்தி போகுமா? உணவுப் பொட்டலத்தில் சேர்மானங்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும். அதிகம் இருப்பது முதலில் வரும். கோழி இறைச்சி, தண்ணீர், எண்ணெய், உப்பு என்று போய், கடைசியில் 'ஐஎன்எஸ் 250' என்று ஓர் எண் இருந்தது.

அதுதான் சோடியம் நைட்ரைட். நம் வீட்டில் கோழிக்கறி வெந்தால் வெளுத்துப் போகும். பல சாசேஜ்கள் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பது இந்த உப்பால்தான். கொடிய நச்சுக்கிருமி வளராமலும் இது தடுக்கிறது. ஆனால் நம் உடலில் இது வேறு சில பொருள்களாக மாறி, குடலைக் கெடுக்கவும் கூடும். 2015ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று அறிவித்தது. தினமும் 50 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு சாசேஜ், தின்றுவந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறதாம். 'தினமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். என்றோ ஒரு நாள் தின்ற பிள்ளை பயந்து அழ வேண்டியதில்லை.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது உப்புதான். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது. சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. ஒரு சாசேஜிலேயே 1 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். சீஸ், சாஸ், கடையில் விற்கும் ராப் ரொட்டி எல்லாம் சேர்ந்தால் 3 கிராமை எட்டிவிடும். மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அதற்கு மேல்!

சாஸைப் பற்றி ஒரு வார்த்தை. தை மாதத்தில் எங்கள் ஊர்ச் சாலையில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். இங்கேதான் கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்தக் கரும்பைப் பார்த்துக்கொண்டே பேரனிடம் சொன்னேன், "உன் தக்காளி சாஸில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரைதான்டா." அவன் நம்பவில்லை. பாட்டிலைத் திருப்பிப் படித்த பிறகுதான் நம்பினான்.

சாசேஜில் நல்லதே இல்லையா? இருக்கிறது. 50 கிராமில் 5, 6 கிராம் புரதம் உண்டு. ஆனால் சத்துணவில் தருகிறார்களே ஒரு முட்டை, அதிலும் அதே அளவு புரதம் உண்டு. உப்பும் நைட்ரைட்டும் சேர்க்காமல்!

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்று நடந்தது. பேரன் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்கி வைத்திருந்தான். அவனுடைய மூன்று வயதுத் தங்கை ஒரு துண்டை எடுத்து வாயில் போடப் போனாள். மருமகள் பாய்ந்து பிடுங்கினாள். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அந்த வழுவழுப்பான வட்டத்துண்டு அப்படியே அடைத்துவிடும். மூச்சுவிட முடியாமல் உயிருக்கே ஆபத்து. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் சாசேஜை நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்குங்கள். முழு திராட்சையும் இப்படித்தான்.

அதன்பிறகு ஆயா சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கோதுமைச் சப்பாத்தி நான்கு. மைதாவில் தவிடும் முளையும் போய்விடுவதால் 100 கிராமுக்கு நார்ச்சத்து 3 கிராம்கூடத் தேறாது. முழுக்கோதுமை மாவில் 11 கிராம் இருக்கும். சப்பாத்தியின் மேல் வேர்க்கடலைச் சட்னி தடவி, பொரித்த முட்டை, துருவிய கேரட், வெங்காயம் வைத்து, எலுமிச்சை பிழிந்து சுருட்டினாள். பேரன் கெஞ்சியதால் ஒரு சாசேஜை நாலு பேருக்குப் பங்கிட்டோம். சாஸ் அரைக் கரண்டி.

"சாசேஜை விட முட்டை ருசி" என்று அவன் சொல்லவில்லை. பொய் எழுதமாட்டேன். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றான். இரண்டு ராப் காலி!

சாயங்காலம் தேநீரோடு நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். பேரன் அதை வாங்கி உரக்கப் படித்தான்.

"முதலில் மைதா. இரண்டாவது சர்க்கரை. தாத்தா, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்குதானே?"

பாக்கெட் ஆயாவின் அலமாரிக்குப் போய்விட்டது. இன்னும் திரும்பி வரவில்லை.