பந்தலுக்குள் வந்த ஹாரி பாட்டர்

கொல்கத்தாவில் ஒரு பேட்டைக்காரர்கள் மூங்கிலால் கட்டிய மாயப் பள்ளி, ரசிகனின் உரிமை எதுவரை என்ற கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டுபோனது.

வங்காளிகளின் துர்காவுக்குக் கயிலாயத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்துபோக வருஷத்துக்குச் சில நாள்தான் கிடைக்கும். அந்தச் சில நாளும் அவள் தங்கும் இடம் ஒவ்வோர் ஆண்டும் மாறும். ஒரு வருஷம் ராஜஸ்தான் அரண்மனை. அடுத்த வருஷம் தென்னாட்டுக் கோபுரம். 2007 அக்டோபரில் சால்ட் லேக் குடியிருப்பின் எஃப்.டி. பிளாக் பூஜைக் குழு அவளுக்கு ஏற்பாடு செய்த வீடு, ஹாரி பாட்டர் படிக்கும் ஹாக்வார்ட்ஸ் மந்திரவாதப் பள்ளி. கோபுரங்களும் மதில்களும் கொண்ட கோட்டை, மாணவர்களை ஏற்றிவரும் நீராவி ரயில், கதாபாத்திரங்களின் ஆளுயரப் பொம்மைகள் என்று திட்டம் தடபுடலாக இருந்தது.

நேரம் பார்த்துத்தான் குழு அந்த விஷயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. தொடரின் ஏழாவதும் கடைசியுமான புத்தகம் அந்த ஆண்டு ஜூலை 21-ல்தான் வெளியாகியிருந்தது. இந்திய நகரங்களின் புத்தகக் கடைகள் முன்பு விடியற்காலையிலேயே பிள்ளைகள் வரிசையில் நின்ற சூடு இன்னும் ஆறவில்லை. பந்தலைப் பார்க்கப் பிள்ளைகள் பெற்றோரை இழுத்துவருவார்கள் என்பது கணக்கு.

பிள்ளைகளுக்கு முன்னால் வழக்கு வந்தது. எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங், திரைப்பட உரிமை பெற்ற வார்னர் பிரதர்ஸ் ஆகியோர் தரப்பில் தில்லி உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கலானது. அனுமதி பெறாமல் தங்கள் படைப்பைப் பயன்படுத்தியது பதிப்புரிமை மீறல் என்பது புகார். கேட்ட நஷ்ட ஈடு 20 லட்சம் ரூபாய். பூஜை தொடங்கச் சில நாட்களே இருந்தன. இதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்றது குழு. அதை நம்புவதில் சிரமமில்லை. தாஜ் மகாலைப் பந்தலாகக் கட்டும்போது யாரிடமும் கேட்டுப் பழகாத ஊர் அது.

அக்டோபர் 12-ல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. குழு லாபத்துக்காக இயங்கும் அமைப்பல்ல என்பதைக் கருத்தில் கொண்டு, அக்டோபர் 26 வரை பந்தல் நிற்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் இனிமேல் ரௌலிங்கின் பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டுமானால் முன்அனுமதி தேவை என்றும் சொன்னது. பூஜை தடையின்றி நடந்தது. பத்திரிகைகள் தாவீதுக்கும் கோலியாத்துக்கும் நடந்த சண்டைபோல எழுதித் தீர்த்தன. இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொள்ள அந்த உத்தரவில் இடமிருந்தது.

விஷயத்தின் முடிச்சு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, தாளில் தட்டையாக இருக்கும் ஓவியத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கினாலும் அது நகல்தான். அதற்கான உரிமை ஓவியத்துக்கு உரியவரிடமே இருக்கிறது. அதே சட்டம் இன்னோரிடத்தில் தாராளமாகவும் இருக்கிறது. அமெச்சூர் சங்கம் ஒன்று டிக்கெட் வாங்காத கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தையோ பாட்டையோ நிகழ்த்தினால் மீறலாகாது. மத அமைப்பின் நலனுக்காக நிகழ்த்தினாலும் அப்படியே. ஆக, அதே மைதானத்தில் பிளாக் பிள்ளைகள் பள்ளிச் சீருடை மாட்டிக்கொண்டு கதையை நாடகமாகப் போட்டிருந்தால் சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது. மூங்கிலும் துணியும் கொண்டு கோட்டையைக் கட்டினால் அந்தக் கதவு இல்லை. நடிப்பவனுக்குக் கிடைக்கும் சலுகை தச்சனுக்குக் கிடையாது.

அந்தக் கோட்டையும் யாருடைய கற்பனை? ரௌலிங் அதை வார்த்தைகளில்தான் கட்டினார். உலகம் இன்று கண்ணை மூடினால் தெரியும் வடிவம், 2001-ல் வந்த முதல் படத்துக்காகக் கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க் குழுவினர் அமைத்தது. அந்தப் படத்துக்கே இங்கிலாந்தின் அல்ன்விக் கோட்டையும் டர்ஹாம், குளோஸ்டர் நகரத் தேவாலயங்களும் படப்பிடிப்பிடங்களாகப் பயன்பட்டன. நூற்றாண்டுகளுக்கு முன்பு பெயர் தெரியாத கொத்தர்கள் கட்டிய கட்டடங்கள் அவை. கற்பனை எப்போதும் பழைய செங்கல்லை எடுத்துத்தான் புதுச் சுவர் எழுப்புகிறது.

ரௌலிங் தரப்பைக் கொடுமைக்காரர்களாகச் சித்தரிப்பதும் நியாயமல்ல. ரசிகர்கள் தம் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதுவதைப் பற்றி 2004-ல் அவருடைய பிரதிநிதிகள் தெரிவித்த நிலைப்பாடு கனிவானது: அவருக்கு அதில் மகிழ்ச்சியே, வியாபாரமாகாதவரை. அதற்கு முன்பு, 2000-ம் ஆண்டு இறுதியில், ஹாரி பாட்டர் பெயரில் இணையப் பக்கம் நடத்திய பள்ளிப் பிள்ளைகளுக்கு வார்னர் நிறுவனம் வக்கீல் கடிதம் அனுப்பியபோது, 16 வயது அமெரிக்கச் சிறுமி ஒருத்தியின் முன்முயற்சியில் ரசிகர்கள் புறக்கணிப்புப் போராட்டமே நடத்தினார்கள். நிறுவனம் பின்வாங்கியது. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் குழந்தையை எதிரியாக்கிக்கொண்டால் கடை நடக்காது என்ற பாடம் அப்போதே படிக்கப்பட்டுவிட்டது.

சிக்கல் எல்லைக்கோட்டில்தான். கொல்கத்தா பந்தல் விவகாரம் அடங்கிய அதே அக்டோபரின் 31-ம் தேதி, அமெரிக்காவில் இன்னொரு வழக்கு தொடங்கியது. ரசிகர் ஒருவர் பல வருஷம் உழைத்துத் தொகுத்த ஹாரி பாட்டர் அகராதியை ஒரு சிறு பதிப்பகம் அச்சிட முயன்றது. இணையத்தில் இலவசமாக இருந்தவரை ரௌலிங்கே பாராட்டிய தொகுப்பு அது. விலை போட்டு விற்கப் போனதும் நிலைமை மாறியது. 2008 செப்டம்பரில் நியூயார்க் நீதிபதி, இத்தகைய துணைநூல்களை எழுதும் உரிமை பொதுவாக உண்டு, ஆனால் இந்த நூல் மூலத்திலிருந்து அளவுக்கு மீறி அள்ளியிருக்கிறது என்று தீர்ப்பளித்தார். நஷ்ட ஈடு 6,750 டாலர். மூலத்தின் வாக்கியங்களைக் குறைத்துத் திருத்திய பதிப்பு பின்னர் வெளிவந்தது.

அதே மாதம் தில்லியில் வார்னர் தோற்றது. 'ஹரி புத்தர்' என்ற இந்திப் படத்தின் பெயரைத் தடுக்க அது போட்ட வழக்கில், தாமதமாக வந்ததும் ஒரு காரணம் என்றது உயர் நீதிமன்றம். ஹாரி பாட்டரைப் படிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்பது இன்னொரு காரணம். இந்திய வாசகனுக்கு நீதிமன்றம் கொடுத்த நற்சான்றிதழ் என்றே இதைக் கொள்ளலாம்.

கொல்கத்தாவுக்கு ஹாரி புதியவனுமல்ல. ஹாரி கொல்கத்தாவுக்கு வந்து வங்க இலக்கியப் பாத்திரங்களைச் சந்திப்பதாக ஒருவர் எழுதிய கதை, உரிமையாளர்களின் ஆட்சேபத்துக்குப் பின் 2003-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. குழந்தைகளுக்கான மாயக் கதை அந்த ஊரில் குடும்பச் சொத்துபோலக் கைமாறி வந்திருக்கிறது. தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் பாட்டிமார் கதைகளைத் தொகுத்து 'டாகுர்மார் ஜூலி'யாக வெளியிட்டது 1907-ல். ஹாக்வார்ட்ஸ் பந்தல் எழுந்த ஆண்டு அதன் நூற்றாண்டு. உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுதிய கூபி, பாகா கதையை 1969-ல் படமாக்கியவர் அவருடைய பேரன் சத்யஜித் ராய். தாத்தாவின் பூதங்களை ஆட வைக்கப் பேரனுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பின்பே நூல் பொதுச் சொத்தாகும். அந்தக் கணக்கில் உபேந்திரகிஷோரும் 1923-ல் மறைந்த அவர் மகன் சுகுமார் ராயும் இன்று எல்லோருக்கும் சொந்தம். ஹாரி அப்படியாக இன்றைய குழந்தைகளின் பேரப்பிள்ளைகள் காலம்வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

பந்தல்காரர்கள் தரப்பும் முழு வெள்ளை அல்ல. வீடு வீடாகச் சந்தா வசூலித்து நடந்த பூஜை, 1985-ல் ஒரு பெயின்ட் நிறுவனம் விருது கொடுக்கத் தொடங்கிய பிறகு போட்டியாக வளர்ந்தது. 90-களின் பிற்பகுதியிலிருந்து 'தீம்' பூஜைகள் பெருகின. இன்று பெரிய பந்தலுக்குப் போகும் சாலை நெடுக விளம்பரத் தட்டிகள்தான். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை; ஆனால் கூட்டத்தின் தலையை எண்ணித்தான் விளம்பரதாரர் பணம் கொடுக்கிறார். இன்னொருவரின் படைப்பு அந்தக் கூட்டத்தை இழுத்தால் அவருக்குப் பங்கு ஏன் இல்லை என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் ஆசை அடங்கவில்லை. ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப் 2017-ல் 'பாகுபலி'யின் மகிழ்மதி அரண்மனையை எழுப்பியது. 2021-ல் அது கட்டிய புர்ஜ் கலீஃபாவின் லேசர் விளக்குகள், விமானிகள் புகார் செய்ததால் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தா துர்கா பூஜையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2023-ல் ஸ்ரீபூமியின் பந்தல் டிஸ்னிலேண்ட். உரிமை விஷயத்தில் கறாரான நிறுவனத்தின் கோட்டையே மூங்கிலில் ஏறி நின்றது.

2007-ல் கேட்கப்பட்ட கேள்விக்கு அந்த இடைக்கால உத்தரவு முழு விடை சொல்லவில்லை. அந்த ஆண்டின் பூஜையை மட்டும் காப்பாற்றியது. சட்டப் புத்தகத்தில் அமெச்சூர் நாடகக்காரனுக்குள்ள ஒரு வரிச் சலுகை, டிக்கெட் போடாத பந்தல் கலைஞனுக்கும் கிடைத்தால் பேட்டைக் குழுக்கள் பயமின்றிக் கட்டலாம். விளம்பரத்தில் கொழிக்கும் பெரிய கிளப்புகளிடம் உரிமையாளர்கள் தாராளமாகக் கட்டணம் கேட்கலாம். அதுவரை இரு தரப்புக்கும் துணை, பந்தலின் ஆயுள்தான். விசர்ஜனம் முடிந்ததும் டெக்கரேட்டரின் ஆட்கள் வந்து கயிற்றை அவிழ்ப்பார்கள். கோட்டை கலைந்து மூங்கில் வேறொரு பந்தலுக்குக் கிளம்பிவிடும், நோட்டீஸ் வந்து சேர்வதற்குள்.