சோறு ஏன் நீலமாகவில்லை?

"சித்தப்பா, நீங்க சொன்னது பொய்!" என்று வந்து நின்றாள், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள். கையில் ஒரு கிண்ணம் சோறு. அதன்மேல் அயோடின் உப்பைத் தாராளமாகத் தூவியிருந்தாள். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலம் வரவேண்டுமே? சோறு வெள்ளை வெளேரென்று இருந்தது.

பொய் இல்லை. உப்பில் கலப்பது தனி அயோடின் அல்ல, பொட்டாசியம் அயோடேட். தனி அயோடின் என்றால் ஆவியாகிப் பறந்துவிடும். அயோடேட் நம் ஊர் வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்கும். அதற்குள் பூட்டிக் கிடக்கிற அயோடினை மாவுச்சத்தால் தொட முடியாது.

அப்படியானால் உப்பில் அயோடின் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் வாங்கும் ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது விதி. 10 கிராமில் 0.15 மில்லிகிராம்! தராசில் நிறுத்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது. சொட்டுகளை வைத்துத்தான் அளக்கவேண்டும். அவளை நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன்.

கூம்புக் குடுவையில் 10 கிராம் உப்பைக் கரைத்தோம். நீர்த்த கந்தக அமிலத்தை நான் விட்டேன். பொட்டாசியம் அயோடைடு கரைசலை அவள் ஊற்றினாள். நிறமில்லாத தண்ணீர் மெல்ல மஞ்சளானது. பூட்டு திறந்துவிட்டது! இதில் ஒரு வேடிக்கை உண்டு. உப்பிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு அயோடின் அணுவும், அயோடைடிலிருந்து இன்னும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வரும். ஒன்று ஆறாகிவிடுவதால், இத்தனூண்டு அயோடினையும் அளக்க முடிகிறது.

பத்து நிமிடம் இருட்டு அலமாரிக்குள் வைத்து எடுத்தோம். அளவுக்கோடுகளும் அடியில் திருகுகுழாயும் உள்ள பியூரெட்டில் சோடியம் தயோசல்பேட் கரைசல். இது அயோடினை விழுங்கி நிறத்தைப் போக்கிவிடும். (பியூரெட் என்றால் பிரெஞ்சில் சின்னக் கூஜா. இந்தக் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தவர் வேதியியலாளர் கே-லூசாக். 1813-இல் அயோடினுக்குப் பெயர் சூட்டியவரும் அவரேதான்.) மஞ்சள் வெளிறியபிறகே மாவுச்சத்துக் கரைசலைச் சேர்த்தேன். முன்பே சேர்த்தால் அது அயோடினை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. சேர்த்ததும் குடுவை முழுக்கக் கருநீலம். "இதைத்தானே சோத்துல தேடினேன்!" என்று குதித்தாள்.

குதித்த வேகத்தில் குழாயை அதிகமாகத் திருகிவிட்டாள். நீலம் சட்டென்று போய்விட்டது. எந்தச் சொட்டில் போனது? தெரியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, புதிதாக 10 கிராம் நிறுத்தோம்.

இந்தமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைச் சுழற்றினாள். கருநீலம், இளநீலம், லேசான சாயை... அடுத்த சொட்டில் பளிங்கு போலத் தெளிந்தது. இறங்கியிருந்தது 2.3 மில்லிலிட்டர்.

எங்கள் தயோசல்பேட்டின் செறிவு 0.005 மோலார். அந்தக் கணக்கில் ஒரு மில்லிலிட்டர் இறங்கினால், கிலோ உப்புக்கு 10.58 மில்லிகிராம் அயோடின். பெருக்கிப் பாருங்கள், 24.3 வரும். வீட்டு உப்பு பாஸ்!

மறுநாள் ஆச்சி வீட்டுக் கல்லுப்பைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்தாள். கரைத்து, அமிலம் விட்டு, அயோடைடும் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று. குடுவையில் மஞ்சளே வரவில்லை.