மரம் வெச்சா கிணறு ஊறுமா? பூரணாங்குப்பம் போன்ற ஊர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

‘மரம் வெச்சா கிணறு ஊறும்’னு ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எந்த மரம், எவ்வளவு நெருக்கம், நடுவதற்கு முன் மண்ணில் என்ன வேலை நடந்தது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலை ஒட்டியுள்ள பூரணாங்குப்பம் போன்ற ஊர்களுக்கு இது குடிதண்ணீர் விஷயம்.

கடலோரத்துக்கு ஏன் கூடுதல் கவலை?

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், கனமான உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீர் அண்டாது என்பது பொதுக் கணக்கு. அந்த 1 மீட்டரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், மெல்ல மெல்ல உப்பு மேலே ஏறும். ஒருமுறை உப்பேறிய போர்வெல் மீண்டும் நல்ல தண்ணீர் தர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்க வேண்டும்.

ஆரோவில் காட்டும் வழி

புதுச்சேரிக்கு வடக்கே 1968இல் ஆரோவில் தொடங்கியபோது, அது மரங்கள் வெட்டப்பட்டு, மழையில் அரிக்கப்பட்ட செம்மண் மேடு. மண் கரைந்து ஓடைகள் வழியே கடலுக்குப் போனது. அங்கே வரப்பு போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். மழை நின்று இறங்கும் மண்ணில்தான் கன்று பிழைக்கும்.

ஆரம்பத்தில் பெரிதும் கைகொடுத்தது ஆஸ்திரேலிய அகேசியா. மோசமான மண்ணிலும் வேகமாக வளரும், தழைச்சத்து சேர்க்கும், நிழல் தரும். அந்த நிழலில் வீரை, உலக்கைப்பாலை, நாவல் போன்ற நாட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன. இந்தப் பகுதியின் இயற்கைக் காடு எப்படி இருக்கும் என்பதற்கு, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு இன்றும் சாட்சி.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது, ஆரோவில்லில் அகேசியா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. நாட்டு மரங்கள் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தன. வேகமாக வளரும் மரத்தை நட்டுவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதே பாடம்.

மரமே தண்ணீரைக் குடிச்சிடாதா?

குடிக்கும். ஆனால் வேரும் உதிர்ந்த இலையும் மண்ணைப் பொலபொலப்பாக்கி, மழையை உள்ளே இறக்கும். இந்த வரவு செலவில் எது அதிகம்? ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. மரமே இல்லாத நிலத்திலும் மிக அடர்ந்த தோப்பிலும் நீர் குறைவாக இறங்கியது; மிதமான மர அடர்த்தியில்தான் அதிகம் இறங்கியது. அந்த எண்ணிக்கையை இங்கே அப்படியே பொருத்த முடியாது, மண்ணும் மழையும் வேறு. ஆனால் தோப்பைக் கழித்து, இடைவெளி விட்டுப் பராமரிப்பதும் தண்ணீர் வேலைதான் என்பது இங்கும் பொருந்தும்.

அப்போ வரிசை என்ன?

முதலில் வரப்பும் குளமும். அடுத்து நிழல் தரும் முன்னோடி மரம். பிறகு நாட்டு மரம். கடைசியில் முன்னோடிகளைப் படிப்படியாக வெட்டி எடுப்பது. உதிர்ந்த சருகை மட்டும் கொளுத்தாமல் மண்ணிலேயே விட வேண்டும்.

அடுத்த முறை ‘ஆயிரம் மரக்கன்று நட்டோம்’னு போட்டோ வந்தால், ரெண்டு கேள்வி கேட்கலாம்: வரப்பு எங்கே? மூணாவது வருஷம் யார் பார்த்துக்கப் போறாங்க?