பின் சீட்டில் பெட்ரோல் வாடையா? பெர்ஃப்யூமைத் தேடாதீங்க!

குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும்போதே டேங்க்கை ஃபுல் செய்தாயிற்று. பத்து கிலோமீட்டர் கூடத் தாண்டியிருக்காது. ‘‘தம்பி, பெட்ரோல் வாடை அடிக்குதுடா, தலை சுத்துது’’ என்கிறார் பின் சீட்டில் இருக்கும் அம்மா. ‘‘இப்பதானேம்மா பங்க்ல போட்டோம், கொஞ்ச நேரத்துல போயிடும்’’ என்று ஸ்டீயரிங் பக்கமிருந்து பதில் வருகிறது. ஏசியைக் கூட்டி, டேஷ்போர்டு பெர்ஃப்யூமைத் திறந்துவிட்டால் விஷயம் முடிந்தது. பல குடும்பங்களில் மாதக்கணக்கில் இப்படித்தான் தள்ளிப்போகிறது.

இதில் அம்மா சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். ‘வாடை போயிடுச்சு’ என்று நினைப்போம். போயிருக்காது, நமக்குத் தெரியாமல் போயிருக்கும். தவிர, பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க் இருப்பது பின் சீட்டுக்குக் கீழேதான். குழந்தைகளும் பெரியவர்களும் உட்காரும் இடமும் அதுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கதவுகளை மூடிய காருக்குள் அது தரையோடு தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவில் கலந்தாலே, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். பெட்ரோலில் சிறிதளவு இருக்கும் பென்சீன், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்.

எனவே ஓடும்போது வாடை பலமாக வந்தால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட வேண்டும். சற்று விலகி நின்று காருக்கு அடியில் பாருங்கள். சொட்டு விழுந்தாலோ, ஈரம் தெரிந்தாலோ மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோயிங் வண்டிதான். இருட்டாக இருக்கிறதே என்று தீப்பெட்டியையோ லைட்டரையோ எடுத்துவிடாதீர்கள்.

எப்போது வருகிறது வாடை?

மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் துப்பு இதுதான். டேங்க் ஃபுல்லாக இருக்கும் நாளில் மட்டும், அதுவும் வளைவிலோ பிரேக் போடும்போதோ பின்பக்கம் வாடை வந்தால், சந்தேகம் டேங்க்கின் மேல்பக்கம் போகும். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால், ஸ்க்ரூ போட்ட ஒரு மூடி இருக்கும். அதற்குக் கீழேதான் பெட்ரோல் பம்ப், டேங்க்குக்குள் இறங்கி நிற்கிறது. பம்ப்பும் டேங்க்கும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம். வயதானால் அது இறுகி வெடிக்கும். அல்லது எப்போதோ பம்ப்பைக் கழற்றியவர், பழைய வளையத்தையே திரும்ப மாட்டியிருப்பார். பெட்ரோலில் ஊறி உப்பிய வளையம் பழைய பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. டேங்க் நிறைந்திருக்கும்போது பெட்ரோல் அலம்பி அந்த இடுக்கில் கசியும், பாதியானதும் நின்றுவிடும். மெக்கானிக் பாதி டேங்க்கில் திறந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து, ‘ஒண்ணுமில்லையே சார்’ என்றுதான் சொல்வார். ஃபுல் டேங்க்கில்தான் வருகிறது என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெட்ரோல் போடும் இடத்திலிருந்து டேங்க்குக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தாலும் வாடை வரும். ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்வரை மூடியைத் திருகினீர்களா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு காரணம், நம் ஊர் பங்க் பழக்கம். துப்பாக்கி தானாக நின்ற பிறகும், ‘‘ரவுண்டா போட்டுடலாமா சார்?’’ என்று இன்னும் நாற்பது, ஐம்பது ரூபாய்க்கு அழுத்துவார்கள். இப்போதைய கார்களில் டேங்க் ஆவியைப் பிடித்து இன்ஜினுக்கு அனுப்ப, கரித்தூள் நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. அது ஆவிக்கானது. விளிம்புவரை நிரப்பினால் பெட்ரோலே அதற்குள் போய் கரி ஊறிவிடும். பிறகு வாடை வரும், சில கார்களில் செக் இன்ஜின் லைட்டும் எரியும். அந்த டப்பாவை மாற்ற ஆகும் செலவைப் பார்த்தால், சில்லறை பாக்கி வாங்குவதே லாபம்.

முன்பக்கம்தான் வாடை என்றால், ஏசியில் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்திப் பாருங்கள். வாடை குறைந்தால், வெளிக்காற்று வழியாக பானட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். இன்ஜெக்டர் வளையமோ ஹோஸ் கிளாம்ப்போ காரணமாக இருக்கலாம். எலியாகவும் இருக்கலாம், நிறுத்திவைத்த காரில் வயரை மட்டுமல்ல, ஹோஸையும் கடித்து வைக்கும். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகத் தயாரிக்கப்படாத பழைய கார்களில், ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெடவும் வாய்ப்பு உண்டு.

ஒட்டுப்போடும் வேலை இங்கே எடுபடாது. பழைய இரும்பு டேங்க்கின் சொட்டுக்கு சோப்பை அப்பி ஊர்போய்ச் சேர்ந்த டிரைவர்கள் உண்டு. ஆனால், இன்றைய பெட்ரோல் கார்களின் குழாயில் அழுத்தம் சுமார் 3 முதல் 4 பார்; கார் டயரில் இருப்பதைவிட அதிகம். டேப், எம்-சீல் எதுவும் நிற்காது. ஹோஸ் போனால் அதே தரத்தில் புது ஹோஸ், பம்ப்பைத் திறந்தால் புது வளையம். அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும் என்பதால், யூடியூப் பார்த்துச் செய்யும் வேலையும் இல்லை இது.

சரிசெய்த பிறகும் கார்ப்பெட்டிலும் சீட் ஸ்பாஞ்சிலும் ஊறிய வாடை இரண்டு, மூன்று நாள் இருக்கும். நிழலான திறந்தவெளியில் நான்கு கதவையும் திறந்து வையுங்கள். அது போனதும் பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, முதலில் வாடையைச் சொன்னவரையே பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வாருங்கள்.