தோட்டாவின் வழி – 9: செலாடாங்கும் ஜெலட்டின் கட்டியும்

துப்பாக்கிக் குண்டின் பயணத்தை எறியியல் மூன்றாகப் பிரிக்கிறது: குழலுக்குள் ஓடுவது, காற்றில் பறப்பது, பட்ட இடத்தில் நடப்பது. முதல் இரண்டுக்கும் கணக்கு உண்டு. மூன்றாவதுதான் பிடி கொடுக்காதது. தோல், தசை, எலும்பு ஒவ்வொன்றும் ஒரு விதமாகத் தடுக்கும். குண்டும் போகிற வழியிலேயே உருமாறும்.

மலாயாவில் இந்த மூன்றாவது கட்டம் பற்றிய கேள்வியை எழுப்பியவை யானையும் செலாடாங்கும். செலாடாங் எனும் காட்டெருமையில் பெரிய ஆண் ஒரு டன் எடையைத் தொடும். இத்தகைய விலங்குகளுக்காக ரிக்பி நிறுவனம் 1898இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு சுமார் 31 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 655 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 6,700 ஜூல், அக்காலச் சிப்பாயின் .303 தோட்டாவைப்போல் இரண்டரை மடங்கு.

ஆற்றல் மட்டும் போதாது. முனையில் ஈயம் தெரியும் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிந்து அகலமான காயம் செய்யும். தோள் எலும்பில் பட்டால் ஆழம் போகாமலே சிதறிவிடக்கூடும். முழுவதும் உலோக உறையிட்ட குண்டு விரியாது, ஆழமாகப் போகும். யானையின் தடித்த மண்டையோட்டுக்கு அதுவே தேவைப்பட்டது.

எது நல்லது என்பதை அன்றைய வேட்டைக்காரர்கள் செத்த விலங்கை அறுத்தே அறிந்தார்கள். மலாய்க் கூட்டு மாநிலங்களில் யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதிய தியோடர் ஹபக் அவர்களில் ஒருவர். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹபக்கின் உடன்பிறந்தவர். பின்னாளில் வேட்டையை விட்டு விலங்குகளுக்காக வாதாடி, இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு வித்திட்டவரும் இவரே. அறுத்துப் பார்க்கும் அந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: குண்டு சரியாக வேலை செய்யாதபோது காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடிவிடும். தோற்ற குண்டு பெரும்பாலும் கைக்கு வராது; வென்ற குண்டுக்கே சாட்சி மிஞ்சும்.

ஒரே மாதிரியான இலக்கு வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் முன்பே பிறந்திருந்தது. பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தண்ணீர், சோப்பு, ஜெலட்டின் ஆகியவற்றில் சுட்டுப் பார்த்தார். ஆனால் சோதனையில் எந்தக் குண்டைச் சுடுகிறோம் என்பதும் வழக்கைத் திருப்பிவிடும். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் விரியும் குண்டைக் கண்டித்தவர்கள், ஜெர்மானியரான புரூன்ஸ் நடத்திய சோதனைகளைக் காட்டினார்கள். அவர் சுட்டது ஈயம் அதிகம் வெளியே தெரியும் வேட்டைக் குண்டு என்று பிரிட்டன் மறுத்தது. 1899இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடுத்தது; வேட்டைக்கு அந்தத் தடை இல்லை.

இன்று பரவலாக உள்ள முறை, அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் 1980களில் நிலைநிறுத்தியது: 10 சதவீத ஜெலட்டின், 4 டிகிரி செல்சியஸ். முதலில் 4.5 மில்லிமீட்டர் எஃகு மணியை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். அது சுமார் எட்டரை சென்டிமீட்டர் இறங்கினால்தான் கட்டி சரி. கோலாலம்பூர் வெக்கையில் குளிர்பெட்டியை விட்டு எடுத்ததுமே கட்டி இளகத் தொடங்கும். தாமதித்தால் அளவு பொய்க்கும். பெரிய காலிபருக்கு ஒரு கட்டி பற்றாது. பலவற்றை வரிசையாக வைப்பார்கள். ஊறவைத்த செய்தித்தாள் கட்டுகளும் உதவும், ஆனால் அவை தசைபோல் நீண்டு சுருங்காதவை. குண்டு கடந்ததும் ஒரு கணம் விரிந்து மூடும் தற்காலிகக் குழியை ஜெலட்டினில் காண முடியும். கடைசியில் குண்டைத் தோண்டி எடுத்து, விட்டத்தை அளந்து, எடை எவ்வளவு மிஞ்சியது என்று தராசில் வைப்பார்கள்.