அசிட்டோன்-பியூட்டனால்-எத்தனால் நொதித்தல்

அசிட்டோன்-பியூட்டனால்-எத்தனால் நொதித்தல் என்பது, காற்றில்லாச் சூழலில் வாழும் சில பாக்டீரியாக்களைக் கொண்டு மாப்பொருளையோ சர்க்கரையையோ அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் ஆகிய மூன்று கரைப்பான்களாக மாற்றும் முறையாகும். இவை பொதுவாக 3:6:1 என்ற விகிதத்தில் கிடைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருந்தொழிலாக விளங்கிய இம்முறை, பின்னர் பாறைநெய் வேதித்தொழிலுடன் போட்டியிட இயலாமல் பெரும்பாலும் கைவிடப்பட்டது. மூலப்பொருளின் விலை இதற்கு முதன்மையான காரணம். எனவே தானியத்துக்கு மாற்றாக, வைக்கோல், மக்காச்சோளத் தட்டை போன்ற வேளாண் கழிவுகளைப் பயன்படுத்தும் வழிகள் ஆராயப்பட்டு வருகின்றன.

வரலாறு

நுண்ணுயிரிகள் பியூட்டனாலை உருவாக்குவதை லூயி பாசுச்சர் 1861இல் அறிவித்தார். முதல் உலகப் போரின்போது, கார்டைட்டு என்னும் புகையில்லா வெடிமருந்தைச் செய்ய பிரித்தானியாவுக்கு அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட்டது. மரத்தைக் காற்றின்றிச் சூடாக்கிப் பெறப்பட்ட அசிட்டோன் போதவில்லை. மான்செசுட்டரில் பணியாற்றிய வேதியியலாளர் கெய்ம் வெய்சுமான், மக்காச்சோள மாப்பொருளிலிருந்து அசிட்டோனைத் தரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1915இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இவரே பின்னாளில் இசுரேலின் முதல் குடியரசுத் தலைவரானார். இப்பாக்டீரியா குளோசுட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் எனப்படுகிறது.

1917இல் தானியத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, உணவாகாத குதிரைச் செசுநட்டு விதைகளைப் பள்ளிச் சிறுவர்கள் சேகரித்துக் கொடுத்தனர். ஆனால் அவற்றிலிருந்து எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்கவில்லை.

போருக்குப் பின், தானுந்துப் பூச்சுகளுக்கான கரைப்பான் செய்யப் பியூட்டனால் தேவைப்பட்டது. சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகு தானியத்தின் இடத்தைப் பிடித்தது. 1945இல் ஐக்கிய அமெரிக்காவில் பயன்பட்ட பியூட்டனாலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நொதித்தல் மூலம் கிடைத்தது. கழிவுப்பாகு கால்நடைத் தீவனமாகவும் விலைபோனதால் அதன் விலை உயர்ந்தது. பாறைநெய் வழிப் பொருள்கள் மலிந்தன. இதனால் 1960 அளவில் அங்கு இத்தொழில் ஏறத்தாழ மறைந்தது. தென்னாப்பிரிக்காவில் 1980களின் தொடக்கம் வரையும், சோவியத் ஒன்றியத்தில் அதற்குச் சில ஆண்டுகள் பின்வரையும் தொடர்ந்தது.

செயல்முறை

நொதித்தல் இரு கட்டங்களாக நிகழ்கிறது. முதற் கட்டத்தில் பாக்டீரியா விரைவாகப் பெருகி, அசிட்டிக் அமிலத்தையும் பியூட்டிரிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. அமிலத்தன்மை மிகும்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அப்போது அவ்வமிலங்களை உயிரணு மீண்டும் உள்ளிழுத்துக் கரைப்பான்களாக மாற்றுகிறது. ஐதரசனும் கார்பனீராக்சைடும் வளிமங்களாக வெளியேறுகின்றன.

வேளாண் கழிவுகள்

வைக்கோல், தட்டை, கரும்புச் சக்கை ஆகியவற்றில் சர்க்கரை மூலக்கூறுகள் செல்லுலோசாகவும் எமிசெல்லுலோசாகவும் பிணைந்துள்ளன. அவற்றை லிக்னின் என்னும் கடினமான பொருள் சூழ்ந்துள்ளது. எனவே முதலில் நீர்த்த அமிலம் அல்லது நீராவி கொண்டு அவ்வமைப்பைத் தளர்த்த வேண்டும். பின்னர் திரைக்கோடெர்மா ரீசி போன்ற பூஞ்சைகளிலிருந்து பெறும் நொதிகள் செல்லுலோசைக் குளுக்கோசாக உடைக்கின்றன.

எமிசெல்லுலோசிலிருந்து சைலோசு போன்ற ஐங்கார்பன் சர்க்கரைகள் கிடைக்கின்றன. வழக்கமான நொதிமம் இவற்றை நொதிக்கச் செய்வதில்லை. குளோசுட்ரிடியம் இனங்கள் செய்கின்றன. இதுவே இம்முறையின் சிறப்பு. சோவியத் ஆலைகளில் மணி நீக்கிய மக்காச்சோளக் கதிர், சூரியகாந்தி விதை உமி ஆகியவற்றை அமிலத்தால் சிதைத்துப் பெற்ற சர்க்கரையும் பயன்படுத்தப்பட்டது.

சிக்கல்கள்

* நச்சுத்தன்மை: லிட்டருக்கு ஏறத்தாழ 13 கிராம் பியூட்டனால் சேர்ந்ததும் பாக்டீரியாவின் செயல் நின்றுவிடுகிறது.
* ஆற்றல் செலவு: பியூட்டனாலின் கொதிநிலை ஏறத்தாழ 118 பாகை செல்சியசு. இது நீரினுடையதை விட அதிகம் என்பதால், நீர்த்த கரைசலிலிருந்து அதைக் காய்ச்சி வடிக்க மிகுந்த வெப்பம் தேவை. நொதிக்கும்போதே வளிமத்தைச் செலுத்திக் கரைப்பானை வெளியேற்றும் முறை இவ்விரு சிக்கல்களையும் குறைக்க உதவுகிறது.
* தடைப்பொருள்கள்: லிக்னின் சிதைவில் உண்டாகும் பீனால் வகைச் சேர்மங்கள் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கின்றன.
* தீநுண்மத் தொற்று: பாக்டீரியாவைத் தாக்கும் தீநுண்மங்கள் ஆலைகளின் உற்பத்தியைப் பலமுறை பாதித்துள்ளன.
* மூலப்பொருள்: வைக்கோலும் தட்டையும் கால்நடைத் தீவனமாகின்றன, மடக்கி உழப்பட்டால் மண்ணுக்கு உரமாகின்றன. எனவே இவை முற்றிலும் கழிவல்ல. வயலிலிருந்து திரட்டி ஆலைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் சேர்த்தே இவற்றின் விலையைக் கணக்கிட வேண்டும்.